ஏப்ரன் தொலைத்த 'ந'

சமையலறையில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனுக்கு முன்னால் ஒரு 'ந' இருந்தது. பழைய பிரெஞ்சில் 'நாப்' என்றால் மேஜை விரிப்பு. அதில் பிறந்த சிறு துணி ஆங்கிலத்துக்கு 'நாப்ரன்' என்று வந்தது. 'எ நாப்ரன்' என்று சேர்த்துச் சொல்லும்போது 'அன் ஆப்ரன்' என்றே காதில் விழும். கேட்டவர்கள் அப்படியே பிரித்து எழுத, 'ந' போயே போய்விட்டது. அதே குடும்பத்து நாப்கின் மட்டும் தன் எழுத்தை விடவில்லை.

நமக்கும் 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' என்ற இரட்டை வடிவம் உண்டு. ஆனால் 'ஓரூர்' என்பதை யாரும் 'ஒரு ரூர்' என்று பிரித்துவிடவில்லை. தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்பதால் காது ஏமாறாது. ஆங்கிலத்தில் 'ந'வில் தொடங்கும் சொற்கள் ஏராளம். எங்கே வெட்டுவது என்று காதால் முடிவு செய்ய முடியாது. எழுத்துக்கூட்டல் நிலைபெறாத 14, 15, 16-ஆம் நூற்றாண்டுகளில்தான் இந்தக் குழப்பம் அதிகம்.

அம்பயர் இதில் அருமையான சொல். மூலம் 'நூம்பர்'. 'நோன்' என்றால் அல்லாத, 'பெர்' என்றால் சமம், இணை. இரண்டு பேர் வழக்காடும்போது இருவருக்கும் இணையாகாத மூன்றாவது ஆள், அதாவது ஒற்றைப்படை ஆள், தீர்ப்புச் சொல்ல வருவார். கிரிக்கெட் மைதானத்தில் நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 'ஈக்' என்றால் கூடுதல். 'அன் ஈக்நேம்' என்ற கூடுதல் பெயர், 'ந'வைப் பிடுங்கிக்கொண்டு நிக்நேம் ஆனது. 'அன் யூட்' என்ற நீர்ப்பல்லி நியூட் ஆனதும் இதே வழியில்தான்.

ஒரு சொல் இப்படி மாறியதா என்று பார்க்க, முதலில் வரலாற்று அகராதியில் அதன் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். பிறகு உறவு மொழிகளைப் பாருங்கள். ஆடர் என்ற விரியன் பாம்புக்குப் பழைய ஆங்கிலத்தில் 'நேட்ரெ'. ஜெர்மனில் ஒரு வகைப் பாம்புக்கு இன்றும் 'நாட்டர்' என்று பெயர். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

இந்த இரண்டாவது படியை விட்டுவிடுவதால்தான் ஆரஞ்சில் பலர் தவறுகிறார்கள். 'எ நாரஞ்சு' என்பது ஆங்கிலத்தில் 'அன் ஆரஞ்சு' ஆனது என்ற விளக்கம் பிழை. சமஸ்கிருத நாரங்கம் பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச் என்று போய், இத்தாலி, பிரான்ஸ் பக்கத்திலேயே 'ந'வை இழந்துவிட்டது. பிரெஞ்சில் தங்கத்துக்கு 'ஓர்' என்று பெயர். பழத்தின் நிறத்தைப் பார்த்து அந்த ஒலியும் முதலெழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்துக்கு வந்ததே தலையெழுத்தில்லாத சொல்தான். ஸ்பானிஷிலோ இன்றும் 'நரான்ஹா'. நாரங்கத்துக்கே திராவிட வேர் இருக்கலாம் என்று அகராதிகள் சொல்வதால், நம் ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் நாரத்தையையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.