தேர்வாகாத கரடி

ஜப்பானிய நிறுவனம் ஒன்று புதியவர்களுக்காக நடத்திய மங்கா (ஜப்பானியப் படக்கதை) போட்டிக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு கதை வரைந்து அனுப்பினேன். தேர்வாகவில்லை. அனுப்பும் எண்ணத்தில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

விதிகளில் என்னை இழுத்தது ஒன்றுதான்: கதையில் வசனமே கூடாது. ஜப்பானிய மொழியும் தெரிய வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். என் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயிலில் பாட்டி ஏற்றிவைக்கும் விளக்கின் எண்ணெய் விடிவதற்குள் காணாமல் போகிறது. திருடனைப் பிடிக்கப் பேத்தி ஒளிந்து காத்திருக்கிறாள். வருவது கரடி. விளக்கில் ஊற்றிய எண்ணெய்க்காகக் கோயில் கதவைப் பெயர்த்த கரடிகளைப் பற்றி நீலகிரியில் அவ்வப்போது செய்தி வரும் என்பதால், இதில் என் கற்பனை கொஞ்சம்தான்.

மங்கா வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவது. புத்தகத்தை விரித்தால் இரட்டை எண் பக்கம் வலப்புறமும் ஒற்றை எண் பக்கம் இடப்புறமும் இருக்கும். வாசகர் தாளைப் புரட்டியதும் திடுக்கிட வேண்டுமானால் அந்தப் படம் இரட்டை எண் பக்கத்தில் விழ வேண்டும். என் கரடியை எட்டாம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்காக முன்பக்கங்களைக் கூட்டியும் குறைத்தும் மாய்ந்துபோனேன்.

முதல் வரைவை நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் போட்டு, அதைக் கணினியில் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சொடுக்கு வேலை. இலை பறித்துவிட்டு வந்த அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "என்னடா இது? பாட்டி முந்தானையை வலது தோளில் போட்டிருக்கிறாள், இடது கையால் விளக்கேற்றுகிறாள். யார் வீட்டுப் பாட்டி இவள்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜப்பானியர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. மங்காவை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஆரம்ப காலத்தில் பக்கங்களை இப்படித்தான் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கை வாள்வீரர்கள் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். கிமோனோ உடுத்தும்போது அணிபவரின் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. திருப்பிய படங்களில் உயிரோடு இருப்பவர்கள் பிணக்கோலத்தில் நடமாடினார்கள். வரைந்தவர்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நான் எல்லாவற்றையும் புதிதாக வரைந்தேன். பாட்டி கோயிலுக்கு ஏறும் சரிவு இடப்பக்கம் உயர்ந்தது, முந்தானை இடது தோளுக்குத் திரும்பியது.

மங்கா அச்சில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்தால் கண் அதைச் சாம்பலாக எடுத்துக்கொள்ளும். முன்பு புள்ளி அச்சிட்ட ஒட்டுத்தாளைக் கத்தியால் வெட்டி ஒட்டினார்கள். இப்போது மென்பொருளிலேயே வருகிறது. எங்கள் ஊர் மேகமூட்டத்துக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஏ4 அளவில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 பிக்சல், என்றால் ஒரு பக்கமே 4961-க்கு 7016 பிக்சல். பழைய மடிக்கணினி மூச்சு வாங்கியது. புள்ளி வைத்த பிறகு படத்தைச் சுருக்கினால் அலை அலையாகக் கோடு விழும். அளவை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

கடைசி நாள் நள்ளிரவு என்றால் அது ஜப்பானின் நள்ளிரவு. நமக்கு இரவு எட்டரை மணி. அந்த நாள் நவம்பரில் வந்தது, வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியை விடாமல் பிடித்துக்கொள்ளும் மாதம். எங்கோ மரம் விழுந்து மதியமே மின்சாரம் போய்விட்டது. மிச்சமிருந்த பேட்டரியையும் கைபேசி இணைப்பையும் நம்பி, சிக்னல் கிடைக்கும் மாடிப்படியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஏற்றினேன். வந்து சேர்ந்ததாக மின்னஞ்சல் வந்தபோது எட்டு மணி தாண்டியிருந்தது.

பிறகு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. தேர்வாகாதவர்களுக்குத் தனியாகக் கடிதம் வராது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அதுவே பதில். இந்தியா என்று போட்டிருந்த இடங்களை மட்டும் தேடினேன். சிலர் இருந்தார்கள், நான் இல்லை. என் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் போட்டிருப்பார்களோ என்று மேலிருந்து கீழ்வரை மறுபடியும் பார்த்தேன். இதைச் செய்யாத ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

தேர்வான கதைகளைத் திறக்கச் சில நாள் மனம் வரவில்லை. திறந்தபோது, பல கதைகள் என்னுடையதைவிட மேல் என்பது உடனே தெரிந்தது. வசனம் இல்லாத இடத்தில் முகம்தான் பேச வேண்டியிருக்கிறது. ஒரு சிறுமியின் புருவம் கொஞ்சம் ஏறுவதை மட்டும் அடுத்தடுத்து நான்கு கட்டங்களில் வரைந்திருந்தார் ஒருவர். அதில் ஒரு சண்டையே முடிந்து சமாதானமும் ஆகிவிட்டது.

ஆனால் விலங்குகள் வரும் கதைகளில் நாயும் பூனையும் மனிதர்களைப் போலக் கண்ணீர் விட்டன. இதில் எனக்கு உடன்பாடில்லை. கரடியின் முகத்தைப் பார்த்து அது என்ன நினைக்கிறது என்று சொல்ல முடியாது, பயமே அதனால்தான். சடைமுடி, வெளிறிய மூஞ்சி, நெஞ்சில் வி எழுத்துப் போல வெள்ளைக் கோடு. என் எட்டாம் பக்கத்தில் அது விளக்கை நக்குகிறது. பேத்தியைப் பார்க்கிறதா இல்லையா என்று தெரியாது. நடுவர்களுக்கு அது குழப்பமாகப் பட்டிருக்கலாம். அதற்காகக் கரடிக்குக் கண்ணீர் வைத்தால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது.

இப்போது பேத்தியின் முகங்களை மட்டும் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் 2007-ல் தொடங்கிய சர்வதேச மங்கா விருதுக்கு 24 பக்கங்களாவது வேண்டும். என் கதை அந்த அளவுக்கு வராது. பாட்டி எண்ணெய் வாங்கச் சந்தைக்குப் போய்வருவதைச் சேர்த்தால் பக்கம் தேறும். அப்போது கரடி எந்தப் பக்கத்துக்குத் தள்ளிப்போகும் என்று மறுபடியும் கணக்குப் போட வேண்டும்.