மச்சானுக்கு வலிக்காத கால்

மச்சான் போன வருஷம் சோழவந்தான் பக்கம் தேங்காய் பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். முதுகுத்தண்டில் அடி, ஆபரேஷன், இடுப்புக்குக் கீழே அசைவும் போச்சு, உணர்ச்சியும் போச்சு. அந்தக் கதை இன்னொரு நாள். இது அவருடைய இடது காலைப் பற்றி.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே எனாக்ஸபாரின் 40 மி.கி. ஊசி ஆரம்பித்தார்கள், தினம் ஒன்று, தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு. "நாய்க்கடி ஊசியா?" என்று அக்கா கேட்டாள். இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதைதான் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது, அது சும்மா கிடந்தால் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது, முதல் மூன்று மாசம்தான் ரொம்ப ஆபத்து. வீட்டுக்கு அனுப்பும்போதும் ஊசியை நிறுத்தக் கூடாது என்று எழுதித்தான் கொடுத்தார்கள்.

நாங்கள் நிறுத்தினோம். ஊர்க் கடையில் ஊசி தீர்ந்துவிட்டது, மதுரையில் திருவிழாக் கூட்டம், அழகர் ஆற்றில் இறங்கி முடியட்டும் என்று நாலு நாள் விட்டுவிட்டோம். அதனால்தான் காலில் ரத்தக்கட்டி வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, ஒழுங்காகப் போட்டாலும் சிலருக்கு வரும் என்றார். ஆனாலும் எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

ஆறாவது வாரம் அப்பத்தா முறிவெண்ணெய் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தது. "கால் பூசுனாப்ல இருக்குடா, நீவி விட்டா வடிஞ்சிரும்." மச்சானுக்கு ஒரு வலியும் இல்லை. எப்படி இருக்கும், உணர்ச்சியே இல்லையே! மற்றவர்களுக்கு வலி சொல்லிக் கொடுப்பதை இவருக்கு நாம்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். தொட்டால் இடது கால் மட்டும் சூடு, ராத்திரி லேசான காய்ச்சல் வேறு. "அப்பத்தா, கையை எடு!" என்று கத்திவிட்டேன், அது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் உள்ளே கட்டி இருந்து, நீவும்போது அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் ஆளே போய்விடுவார்.

அக்காவின் தையல் மெஷினிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தேன். முட்டிக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும், அதிலிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் கோடு போட்டு இரண்டு காலையும் சுற்றளவு எடுத்தேன். வலது 31, இடது 34.5. மூன்று செ.மீ. வித்தியாசம் வந்தாலே டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள், அன்றைக்கே வண்டி பிடித்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். தொடை ரத்தக்குழாய் வரைக்கும் கட்டி. ஊசி அளவைக் கூட்டி, அப்புறம் மாத்திரைக்கு மாற்றினார்கள். நல்லவேளை, மூச்சுத் திணறல் வருவதற்குள் பிடித்துவிட்டோம்.

வீக்கம் என்றாலே கட்டிதான் என்று இல்லை, இப்படி உணர்ச்சி இல்லாதவர்களுக்கு எலும்பு முறிந்தாலும் தெரியாமல் வீங்கும், ஆனால் அதை ஸ்கேன் சொல்லட்டும், எண்ணெய் பாட்டில் வேண்டாம். இப்போது டேப் கட்டில் தலைமாட்டிலேயே தொங்குகிறது, அக்கா தைக்க வேறு வாங்கிக்கொண்டாள்.