அன்னைக்கு சும்மாதானே இருக்கீங்க?

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கு முக்கால் மணி நேரம் கதை சொல்ல வர முடியுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்கள். வருகிறேன், இவ்வளவு ஆகும் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்புறம் குரல் வந்தது: "இல்ல மேடம்... அன்னைக்கு நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

அவர் மேல் கோபமில்லை. குரலைக் கேட்டாலே தெரிந்தது, என்னை அவமானப்படுத்தும் எண்ணமெல்லாம் இல்லை. தேதி காலியாகத்தானே கிடக்கிறது, வந்துவிட்டுப் போனால் என்ன என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று எனக்கே புரிய ஏழெட்டு வருஷம் ஆனது, அதுவும் ஒரு ஆர்மோனியக்காரர் சொல்லித்தான் புரிந்தது.

எழுத்தும் மேடையும்தான் என் பிழைப்பு. ஊர் மதுரை. திங்கள்கிழமை ஏதோ ஒரு பம்புசெட் கம்பெனியின் கையேட்டைத் தமிழாக்குவேன், செவ்வாய்க்கிழமை ஒரு நகைக்கடைக்கு முப்பது நொடி ரேடியோ விளம்பரம் எழுதுவேன், அதை வியாழக்கிழமை நானே பேசியும் கொடுப்பேன், சனி ஞாயிறு எங்காவது ஒரு பள்ளியிலோ நூலகத்திலோ கதை சொல்லல், வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ நவீன நாடகம். நாடகத்தில் காசு வராது, கையிலிருந்துதான் போகும். அது வேறு கணக்கு, இங்கே வேண்டாம்.

எழுத்து வேலையில் ஆரம்பத்திலிருந்தே வார்த்தைக்கு இவ்வளவு என்றுதான் கூலி வாங்கிக்கொண்டிருந்தேன். ஆங்கில மூலத்தை எண்ணித் தருகிறவர்களிடம் வம்பில்லை. முடித்துக் கொடுத்த தமிழை எண்ணித் தருகிறவர்களிடம் மாட்டினால் போச்சு. 'வந்துகொண்டிருக்கும்போதே' என்று ஒழுங்காகச் சேர்த்து எழுதினால் ஒரு வார்த்தை. 'வந்து கொண்டு இருக்கும் போதே' என்று பிய்த்துப் போட்டால் நான்கு. ஒழுங்காக எழுதத் தெரிந்தவளுக்குக் கால் கூலி, ஸ்பேஸ் பாரைத் தட்டத் தெரிந்தவளுக்கு முழுக் கூலி! வாடகை இடித்த ஒரு மாதம் நானும் பிய்த்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்புத் தமிழம்மா இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

சரி, ஆர்மோனியக்காரர். அவர் என் பெரியப்பா. மேலூர்ப் பக்கம் ஊர், ஸ்பெஷல் நாடகத்தில் பின்பாட்டு. பின்னால் நின்று பாடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், ஆர்மோனியம் வாசிக்கிறவருக்கு நாடகக்காரர்கள் மத்தியில் அதுதான் பெயர், வாசித்துக்கொண்டே பாடவும் செய்வார். தெற்கே கோயில் திருவிழா பார்த்தவர்களுக்கு ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கதாநாயகனான ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து, சிரிக்க வைக்கும் பபூன் காரைக்குடியிலிருந்து. ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாமல்கூட இருக்கலாம். ராத்திரி மேடைக்குப் பின்னால் முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான் அறிமுகம், எத்தனை கட்டைச் சுருதியில் பாடுவீர்கள் என்று ஒரு கேள்வி, பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும்வரை வள்ளி திருமணம். ஒத்திகை கிடையாது. 1922-இல் புதுச்சேரியில் கண்ணை மூடிய நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம், மேற்கொண்டு வாய்ச்சாமர்த்தியம். கம்பெனி, முதலாளி, மாதச் சம்பளம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நடிகரையும் ஒவ்வொரு வாத்தியக்காரரையும் ஒரு ராத்திரிக்கு என்று தனித்தனியாகப் பேசி வர வைப்பதால்தான் அது ஸ்பெஷல். நான் என்னவோ புதிதாக ஒரு பாதையில் கிளம்பிவிட்டதாக நினைத்து ஃப்ரீலான்சர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தேன். பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தெந்தத் தேதி காலின்னு போடலையே தாயி" என்றார்.

ஒருமுறை சுண்ணாம்புக்காரத் தெருவில், நாடக நடிகர் சங்கம் இருக்கிற தெருவில், அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாசி மாதக் கடைசி. ஏதோ ஒரு கிராமத்து விழாக் கமிட்டி, நாலு பேர், அதில் ஒருவர் கையில் சுருட்டிய நோட்டு. சித்திரையில் ஒரு தேதி சொன்னார்கள். பெரியப்பா மஞ்சள் பையிலிருந்து டைரியை எடுத்தார், பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஒரு இடத்தில் விரலை வைத்து யோசித்தார், முன்னால் ஒரு பக்கம் போனார், திரும்பி வந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது எனக்குத் தெரிந்தது. "ம்... பார்ப்போம், ஒண்ணு தள்ளி வச்சா வரலாம்" என்றார். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கை மாறியது. டைரியில் ஊர் பெயர் ஏறியது. நாடகம் எப்படி இருக்கும், எத்தனை பாட்டு, பிடிக்காவிட்டால் என்ன செய்வது, ஒரு பேச்சும் இல்லை. மொத்தம் பத்து நிமிஷம்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு நிறுவனம் ஏழு மாதமாகப் பணம் தராமல் இழுத்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவிடம் புலம்பினேன். அட்வான்ஸ் கேட்டால் போய்விடுவார்கள், எழுதுவதற்கு முன்னாலேயே எப்படிக் காசு கேட்பது, எழுதியது அவர்களுக்குப் பிடிக்க வேண்டாமா என்றெல்லாம் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பாட்ட யாரும் காசு குடுத்து வாங்கலத்தா. பாட்டு ரேடியோவுல சும்மாவே கெடைக்குது. அவங்க வாங்கிட்டுப் போறது என் தேதிய. இன்னைக்கு அத எழுதிட்டேன்னா வேற எவனுக்கும் தர முடியாது பாரு, அதுக்குத்தான் இந்தக் காசு."

மழை வந்து நாடகம் நின்றாலும் அந்த அட்வான்ஸ் திரும்பப் போகாது. 2020-இல்தான் அந்த வழக்கத்துக்கே சோதனை வந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு, பங்குனியும் சித்திரையும் போச்சு, மதுரையில் மீனாட்சி கல்யாணத்தையே டிவியில்தான் பார்த்தோம். வருஷச் சம்பாத்தியமே திருவிழாக் காலமான நாலைந்து மாதத்தில்தான் என்பதால் டைரி முழுக்கத் தேதி, எல்லாவற்றுக்கும் வாங்கிய அட்வான்ஸ் செலவாகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் காசைக் கேட்கவில்லை, இவரும் தரவில்லை, பேசாமல் அடுத்த வருஷத்துக்குத் தேதியை மாற்றிக்கொண்டார்கள். 2021 மே மாதம் மறுபடி ஊரடங்கு. திரும்ப மாற்றினார்கள். 2022-இல் போய், 2020-ஆம் வருஷக் காசுக்கு விடிய விடிய வாசித்துவிட்டு வந்தார். எந்த இன்வாய்ஸும் இல்லை. என் விஷயத்தில் இருபது பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டுவிட்டு, கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் லீவு முடிந்து எப்போது வருவார் என்று வாரா வாரம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து நானும் தேதியை விற்க ஆரம்பித்தேன். எழுத்து வேலையையும் அப்படித்தான். பத்துப் பக்கக் கையேடா, அதற்கு எனக்கு மூன்று தேதி வேண்டும், பாதிப் பணம் வந்தால்தான் காலண்டரில் ஏறும், வந்த பிறகு அந்த மூன்று நாள் உங்களுடையது. சொன்ன முதல் மாதமே இரண்டு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் நல்ல நண்பரும்கூட, இன்னும் வருத்தம்தான். மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் பாதியை அனுப்பினார்கள், இத்தனை நாளாக நான் ஏன் கேட்கவில்லை என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

தேதி என்றால் அந்த ஒரு நாள் மட்டும் இல்லை, இதை யாருக்கும் விளக்க முடிவதில்லை. சனிக்கிழமை திருநெல்வேலியில் கதை சொல்லல் என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே மாட்டுத்தாவணியில் பஸ் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை குரல் பதிவு வைத்துக்கொள்ள முடியாது, தொண்டை களைத்துவிடும். இருநூறு குழந்தைகளுக்கு முன்னால் சிங்கமாகவும் கிழவியாகவும் கத்திவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை குரல் கரகரவென்று இருக்கும், சித்தரத்தையும் பனங்கற்கண்டும் போட்டு வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் கதையைத் தேடி எடுக்க ஒரு வாரம். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து குழந்தைகள் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், எந்த வயசுப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுக்கிறது, எத்தனாவது பக்கத்தில் வைத்துவிட்டு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் அங்கேயும் சும்மாதான் இருக்கிறேன்.

பாதி அட்வான்ஸ் வாங்கினாலும் மீதிப் பாதி இருக்கிறதே, அது தனிக் கதை. சட்டம் என்னவோ நம் பக்கம்தான். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் நானும் ஒரு குறுந்தொழில், 2006-ஆம் வருஷச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் என் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, வைத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. எழுதுகிறவளுக்குக் கூட்டு வட்டி! அந்தப் பக்கத்தை எத்தனை தரம் ஆசையாகப் படித்திருக்கிறேன் தெரியுமா. 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வைத்தார்கள், சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் காசு தராவிட்டால் தருகிறவரை அதைச் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. 2024 மார்ச் மாதம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு, உங்களிடம் உத்யம் சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். நிலுவை மொத்தமும் அந்த வாரமே வந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து வேலை வரவே இல்லை.

கூலியைத் தரும்போதே வருமான வரிக்கென்று பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். பத்து சதவீதம் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. பிடித்ததைக் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பணத்துக்குப் பதிலாகப் பொன்னாடை போர்த்துகிற இடங்களும் உண்டு. கூடவே ஒரு ஷீல்டு, ஒரு குத்துவிளக்கு பொம்மை. பதினாலு பொன்னாடை சேர்ந்துவிட்டது. ஒருநாள் பீரோவுக்குள் எல்லாவற்றையும் வரிசையாகத் தொங்கவிட்டேன், கதவைத் திறந்து வைத்து நடுவில் மைக்கை மாட்டி, தலைக்கு மேல் ஒரு ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டால் குரல் பதிவு அறை தயார். பொன்னாடையால் பெரிய பிரயோஜனம் இல்லை, வழவழ துணி சத்தத்தை வாங்காது, வேலை செய்வது ஜமக்காளம்தான். ஆனாலும் உள்ளே சரிகையும் மஞ்சளும் பச்சையுமாக ராஜபார்ட் மாதிரி உட்கார்ந்துகொண்டு செய்கூலி இல்லை சேதாரம் இல்லை என்று பேசுவது ஒரு தனி சுகம். ஃபேன் போடக் கூடாது. மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல் ஜமக்காளத்துக்குள் முப்பது நொடி விளம்பரத்தைப் பதினேழு டேக் பேசினால் வேர்வை மூக்கு நுனியிலிருந்து தாளில் சொட்டும். 'பவுன்' என்று சொல்லும்போது ப மைக்கில் படாரென்று மோதும், அதற்கு வாயைக் கொஞ்சம் ஒருக்களித்துச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக வந்த டேக்கில் கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். கீழ்வீட்டு அக்காவிடம் பேசி, பதிவு இருக்கிற நாளில் பதினோரு மணிக்கு மேல்தான் குக்கர் என்று முடிவாகியிருக்கிறது, அதற்குப் பதிலாக அவர் பையனுக்குப் பேச்சுப்போட்டிக்கு நான் எழுதித் தர வேண்டும். இந்த ஒரு ஒப்பந்தத்தில்தான் இதுவரை தாமதமே இல்லை.

நேற்றும் அப்படித்தான் பீரோவுக்குள் இருந்தேன். போனை வெளியே வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தால் அந்தப் பள்ளிக்கூடம். திரும்பக் கூப்பிட்டேன். கரஸ்பாண்டென்ட் சாரிடம் பேசிவிட்டார்களாம், நான் சொன்ன தொகைக்குக் கொஞ்சம் கீழே ஒன்று சொன்னார்கள், பாதியை இன்றைக்கே ஜிபேயில் போட்டுவிடுவதாகவும் சொன்னார்கள். "அந்தத் தேதி இன்னும் இருக்குல்ல மேடம்?"

சுவரில் காலண்டர் தொங்குகிறது. அந்த வாரம் முழுக்கவே வெள்ளை.

"ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்றேன்" என்றேன். போனைக் காலண்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சத்தம் கேட்கிற மாதிரி தாளைப் புரட்டினேன்.