வாரத்துக்கு ரெண்டு பாம்புக்கடி

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சுற்றிலும் ராகி, நிலக்கடலை, மரவள்ளிக் காடுகள். எங்களிடம் மழைக்காலம் போக மற்ற மாதங்களில், பாம்பு கடித்து ஏ.எஸ்.வி. என்கிற விஷமுறிவு மருந்து போட வேண்டிய நிலையில் வருகிறவர்கள் வாரத்துக்குச் சராசரியாக இரண்டு பேர். ஒருவருக்கு முதல் டோஸே பத்துக் குப்பி. ஆக வாரத்துக்கு இருபது. மருந்து எடுக்க வண்டி வாரம் ஒருமுறைதான் போகும், அதனால் கையில் முப்பது வைத்துக்கொள்வது என்பது எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்து வரும் வழக்கம். சராசரியைவிட ஒன்றரை மடங்கு இருக்கிறதே, போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

என் மகள் பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்திருந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் பாய்சான் பரவல் கண்ணில் பட்டது, எப்போதாவது நடக்கிற ஒன்று ஒரு காலத்துக்குள் எத்தனை தடவை நடக்கும் என்று கணிக்கிற கணக்கு. சராசரி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும், அதை λ என்று வைத்துக்கொண்டு, k தடவை நடக்க வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு e-யின் −λ அடுக்கை λ-வின் k அடுக்கால் பெருக்கி k-யின் தொடர்பெருக்கத்தால் (1-லிருந்து k வரை எல்லாவற்றையும் பெருக்கினால் வருவது) வகுத்தால் விடை வந்துவிடும். இது நம்ம ஸ்டாக் ரிஜிஸ்டருக்கே எழுதின கணக்கு மாதிரி இருக்கே என்று அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்தேன். வாரத்துக்கு இருபது குப்பி, λ = 20. முப்பதுக்கு மேல் தேவைப்பட வாய்ப்பு 1.4 சதவீதம்கூட இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் கணக்கு தப்பு. தப்பு என்று தெரிந்தது ஒரு மாசி மாத விடியற்காலையில். அந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள், முப்பதும் தீர்ந்து பீரோவில் பழைய மிச்சம் இரண்டே குப்பி. சனிக்கிழமை நாலரை மணிக்கு சிஸ்டர் போன் செய்து, "அண்ணா, இன்னொரு கேஸ் வந்திருக்கு, வேற எங்கயாவது வச்சிருக்கீங்களா?" என்றார். மாட்டுக்கு ராகித்தாள் உருவப் போன இடத்தில் ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிற்க வைத்திருந்தார்கள். 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஓடியது. ஏ.எஸ்.வி. பொடியில் தண்ணீர் விட்டுக் கரைக்கும்போது குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இருந்த இரண்டையும் அப்படி உருட்டிக் கரைத்துக் கொடுத்தேன், அதைப் போட்டு 108-ல் ஏற்றி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார். ஆனால் அந்த முக்கால் மணி நேரப் பயணம் அவருக்குத் தேவையே இல்லாதது.

அப்புறம்தான் உறைத்தது, குப்பிகள் தனித்தனியாக வருவதில்லை, ஆட்கள்தான் வருகிறார்கள். பாய்சான் பரவலைப் போட ஒவ்வொரு நிகழ்வும் மற்றதைச் சாராமல் இருக்க வேண்டும். ஒரு குப்பி செலவானால் கூடவே ஒன்பது செலவாகிறது என்றால் அங்கே ஏது சாராத்தன்மை? எண்ண வேண்டியது ஆளை. λ = 20 இல்லை, λ = 2. அப்படிப் போட்டால் 52 வாரத்தில் யாருமே வராத வாரம் 7, ஒருவர் வருவது 14, இருவர் 14, மூவர் 9, நால்வர் 5, ஐவர் 2, ஆறு அல்லது அதற்கு மேல் 1. அதாவது நாலு பேரோ அதற்கு மேலோ வர வாய்ப்பு 14.3 சதவீதம், ஏழு வாரத்துக்கு ஒரு வாரம். நான் ஒன்றரைகூட இல்லை என்று நினைத்தது பத்து மடங்கு! ஐம்பது குப்பி வைத்திருந்தால் தட்டுப்பாடு 1.7 சதவீதத்தில் நின்றுவிடும். முதல் டோஸோடு நிற்காமல் இன்னொரு பத்து கேட்கிறவர்களும் உண்டு என்பதால் அதற்கும் மேலேதான் வைக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் நாலு பேர் வந்தால் அமாவாசை என்பார்கள், யாரோ புற்றை இடித்துவிட்டார்கள் என்பார்கள். நானும் காரணம் தேடியவன்தான். 1898-ல் போர்ட்கீவிச் என்பவர் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். பத்துப் படைப்பிரிவு, இருபது வருடம், ஆக 200 பதிவு, மொத்தம் 122 சாவு. ஒரு சாவும் இல்லாதவை 109 பதிவு. ஒரே பிரிவில் ஒரே வருடத்தில் நாலு பேர் இறந்ததும் ஒருமுறை உண்டு. அந்தப் பிரிவின் குதிரைகள் மட்டும் முரட்டுக் குதிரைகள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் பாய்சான் கணக்கு தருகிற எண்கள் இந்தப் பதிவோடு கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போயின. நிகழ்வுகள் சீராகப் பரவி வராது, கொத்தாக வருவதே அவற்றின் இயல்பு. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அதற்காக எல்லாவற்றையும் தற்செயல் என்று விட்டுவிடவும் முடியாது. பாய்சான் பரவலில் சராசரியும் மாறுபாட்டளவையும் (எண்ணிக்கை சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) ஒன்றாக இருக்க வேண்டும். வருடம் முழுதும் சேர்த்துப் போட்டுப் பார்த்தபோது எங்கள் ரிஜிஸ்டரில் மாறுபாட்டளவை சராசரியைவிட நன்றாகவே மேலே நின்றது. காரணம் மழை. புரட்டாசி ஐப்பசியில் வளையில் தண்ணீர் புகுந்து பாம்பு வெளியே வருகிறது, காட்டிலும் அப்போதுதான் வேலை. அந்த மாதங்களுக்கு λ வேறு. நான் இப்போது மழை மாதங்களுக்கு 4 என்று தனியாகப் போடுகிறேன். சராசரி இரண்டு மடங்கானதால் இருப்பையும் இரண்டு மடங்காக்கத் தேவையில்லை, ஐம்பது இருந்த இடத்தில் எண்பது வைத்தால் தட்டுப்பாட்டு வாய்ப்பு 2 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஒரே வீட்டில் பாயில் படுத்திருந்த இரண்டு பேரை ஒரே கட்டுவிரியன் கடித்துக் கொண்டுவருவது இந்தக் கணக்கில் அடங்காது, அதற்காகக் கூடுதலாக ஒரு இருபது.

பக்கத்தில் இரண்டு மருத்துவமனைகள், கூட்டமும் எங்களைப் போலத்தான். தனித்தனி பாய்சானைக் கூட்டினாலும் பாய்சான்தான், மூன்றும் சேர்ந்தால் λ = 6. ஆளுக்கு ஐம்பது என்று 150 வைப்பதற்குப் பதில் மூன்றுக்கும் சேர்த்து 110 இருந்தாலே பன்னிரண்டாவது ஆள் வந்து தட்டுப்பாடு வர வாய்ப்பு 2 சதவீதம்தான். மழை பெய்தால் மூன்று ஊரிலும் சேர்ந்தே பெய்யும் என்பதால் அந்த மாதங்களில் இந்தச் சலுகையை நான் நம்புவதில்லை. மற்ற நாட்களில் திங்கட்கிழமை காலை ஒருவருக்கொருவர் போன் போட்டு கையில் எத்தனை என்று கேட்டுக்கொள்கிறோம், மூன்று எண்ணையும் பீரோக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதிவைக்கிறேன். இந்த வாரம் 50, 40, 60.