எருமை எத்தனை மணிக்கு எழுந்திருக்கும்?

"பாட்டுதானேம்மா, சும்மா சிரிக்கத்தான்."

இதைச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. வகுப்பு முடிந்து தாராவி 90 ஃபீட் ரோட்டில் நடக்கும்போது இன்னமும் காதில் விழுகிறது, என் குரலிலேயே.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழு, எட்டு வயசுப் பிள்ளைகள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷ். செய்யுளை எடுத்தால் கொட்டாவி விடுவார்கள். அதனால் நானே விலங்குப் பாட்டு பன்னிரண்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் சார்ட் பேப்பரில் படம் போட்டேன். எருமைக்கு எழுதியது இது:

எருமை மாடு எழுந்திருக்க
எட்டு மணி ஆச்சு
பெருமையாகப் பல்லைத் தேய்க்கப்
பிற்பகலும் போச்சு

படத்தில் எருமை கண்ணாடி முன்னால் நிற்கும். நீல நிற டூத்பிரஷ், வாயெல்லாம் நுரை. கடைசிச் சொல்லைக் காகிதத் துண்டால் மூடிவிட்டு, "ஆச்சு... அப்புறம்?" என்பேன். "போச்சு!" என்று கூரை அதிரும். பிறகு எருமையில் இருக்கும் 'ரு'வையும் பெருமையில் இருக்கும் 'ரு'வையும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிடுவேன். இங்கிலீஷ் ரைம் பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு ஓசை என்றால் வரியின் வாலில் வருவது. தமிழில் அது இரண்டாம் எழுத்திலும் ஒளிந்திருக்கும் என்று அவர்களே கண்டுபிடிக்கிற அந்த நிமிஷத்துக்காக நான் எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் போவேன். 'பிற்பகல்' ஒருவருக்கும் தெரியாத சொல். ஜன்னலில் உச்சி தாண்டிய சூரியனை வரைந்திருந்தேன். யாரும் அர்த்தம் கேட்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் ஒரு பையன் இந்த நாலு வரியைப் பாடிக்கொண்டே படியிறங்கிப் போனான். இதையெல்லாம் கண்ணால் பார்த்தேன். பாட்டு தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், எங்க ஆச்சி வீட்டு எருமை அஞ்சு மணிக்கே எந்திச்சிரும். பால் கறக்கணும்லா."

பின்வரிசையில் ஒருவன், "உங்க எருமை பிரஷ் பண்ணுமா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, முகம்கூடச் சுண்டவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள், டீச்சர் வாங்கிக்கொள்ளவில்லை.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? இருபது பிள்ளைகள், முக்கால் மணி நேரம், ஒவ்வொரு குறுக்குப் பேச்சுக்கும் நின்றால் பாட்டு ஓடாது. இப்படித்தான் என்னைச் சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் "அப்படியா, வேற என்ன செய்யும் உங்க எருமை?" என்று கேட்கப் பத்து விநாடி போதும். அதுவும் எனக்குத் தெரியும்.

அப்புறம் என் பன்னிரண்டு பாட்டையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அதிகம் சிரிப்பு வாங்கியவை நாலு: எருமை, கழுதை, பன்றி, குரங்கு. நம் வீடுகளில் பிள்ளைகளைத் திட்டுகிற வரிசையும் இதுதான். அப்படியானால் நான் வாசிப்பதற்கு முன்னாலேயே சிரிப்பு தயாராக இருந்திருக்கிறது. எதுகையும் படமும் சேர்ந்து அதைத் திறந்துவிட்டன. எவ்வளவு சிரிப்பு என் பாட்டுக்கு, எவ்வளவு அந்தத் திட்டுக்கு என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பாரதியார் பாப்பா பாட்டில் காக்கையை 'எத்தித் திருடும்' என்கிறார். பிள்ளைகள் அந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள். உடனே 'அதற்கு இரக்கப்பட வேணும் பாப்பா' என்கிறார். கேலியும் பரிவும் ஒரே மூச்சில் வருகின்றன. சங்க நூலான ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் என்ற புலவர் எருமைக்கென்றே பத்துப் பாட்டு பாடியிருக்கிறார், 91 முதல் 100 வரை. முதல் பாட்டிலேயே எருமைக்கடா பொய்கையில் இறங்கி ஆம்பலைக் கலக்குகிறது. பாடியவர் குளத்தங்கரையில் நின்று எருமையைப் பார்த்தவர் என்று எனக்குப் படுகிறது. நான் என் எருமையை எங்கே பார்த்தேன்? யோசித்தால் ஒரு இடமும் ஞாபகத்துக்கு வரவில்லை. கறுத்த தோல் வெயிலை வாங்கும், மாட்டைவிட எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, அதனால்தான் அது தண்ணீரில் கிடக்கிறது என்பதைக்கூட நான் பிறகுதான் படித்தேன். அதைச் சோம்பல் என்று சொல்லிக்கொடுத்தேன். அதுவும் மும்பையில்! 1949-ல் நகரத்து எருமைகளைக் கொண்டுபோய் வைக்க கோரேகாவில் ஆரே காலனியையே உண்டாக்கிய ஊர் இது. அந்த வகுப்பில் பாதிப் பேராவது அன்று காலை எருமைப்பால் டீ குடித்துவிட்டு வந்திருப்பார்கள்.

சரி, அடுத்த வாரத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரையும் சொந்தமாகப் பாட்டு எழுதிப் படம் வரைந்துவரச் சொல்லியிருந்தேன். சிறந்ததை எல்லாம் பின் அடித்து ஒரு புத்தகமாக்குவதாகத் திட்டம். அவள் நோட்டுத் தாளில் இரண்டே வரி கொண்டுவந்தாள்:

ஆச்சி கூப்பிட்டா எருமை வரும்
நான் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கும்

"நல்லா இருக்கும்மா, எதுகை மட்டும் வரல. சரிபண்ணிட்டு வா" என்றேன். அவள் தலையாட்டினாள். சரிபண்ணிக் கொண்டுவரவில்லை. புத்தகம் அவள் பக்கம் இல்லாமலே வந்தது. போன வாரம் எதுகை சொல்லிக்கொடுத்துவிட்டு இந்த வாரம் அதைக் கேட்காமல் விட்டால் மற்றவர்களுக்கு நியாயமா என்று அன்று நினைத்தேன். இன்றும் அது முழுக்கப் பொய் என்று தோன்றவில்லை. ஆனால் இரண்டு வரியும் 'கூப்பிட்டா' என்று ஒன்றாக நடந்து 'உம்' என்று ஒன்றாக முடிவதை நான் கேட்கவே இல்லை. சிவப்புப் பேனாவோடு 'ரு'வைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தாள் என்னிடமே தங்கிவிட்டது. வெகுநாள் கழித்துத்தான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். உடம்பு ஒரு பக்கம், முகம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. கழுத்து வரும் இடத்தில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்து, ஒரு மூலையில் சின்ன ஓட்டையே விழுந்திருக்கிறது. எத்தனை தடவை அழித்திருப்பாளோ.

புத்தகத்தை இந்த ஜூனில் மறுபடி போடுகிறேன். அந்த இரண்டு வரியையும் சேர்க்கப்போகிறேன். அவள் படம் ஜெராக்ஸில் விழாது, பென்சில் கோடு அவ்வளவு மங்கல். அதைப் பார்த்து நானே வரைந்துவிடலாம் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். நாலு தடவை போட்டுப் பார்த்தேன். கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது.