மகளின் குளிசைப் பெட்டி: டிசைன் அண்ட் டெக்னாலஜி எடுத்த கதை

மகள் ஒன்பதாம் ஆண்டில் பாடம் தெரிவு செய்தபோது டிசைன் அண்ட் டெக்னாலஜி எடுக்கப்போகிறேன் என்றாள். எனக்கு உடனே ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்து மரவேலை அறைதான் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் எடு பிள்ளை என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இங்கிலாந்தில் 2004இல் இருந்து ஜி.சி.எஸ்.ஈ.க்கு, அதாவது பதினாறு வயதில் எழுதுகிற பரீட்சைக்கு, இது கட்டாயம் இல்லை, எடுக்கிற பிள்ளைகளும் முன்பைவிட நன்றாகக் குறைந்துவிட்டார்கள். விசாரிக்க எங்கள் ஆட்களில் ஒருவரும் அகப்படவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாதிப் புள்ளி எழுத்துப் பரீட்சைக்கு, 2 மணித்தியாலம், அதில் கணக்கும் வரும். மற்றப் பாதி என்.ஈ.ஏ. என்கிற செயல்திட்டம். பத்தாம் ஆண்டு முடிகிற நேரம், ஜூன் 1ஆம் திகதி, பரீட்சைச் சபை சில பொதுத் தலைப்புகளை வெளியிடும். அதில் ஒன்றைப் பிடித்து, யாருக்கு என்ன கஷ்டம் என்று பிள்ளையே தேடி, வரைந்து, செய்து, சோதித்துப் பார்க்கவேண்டும். எல்லாம் 30, 35 மணித்தியாலத்துக்குள்.

இவள் தேடி வெளியே போகவில்லை. அம்மம்மாவுக்குக் கைவிரல் மூட்டுகளில் வாதம். ஏழு நாளுக்கும் ஏழு மூடி வைத்த குளிசைப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது, அந்த மூடியை நகத்தால் நெம்ப முடியாமல் தேக்கரண்டிப் பிடியால் அவர் கிளப்புவதை நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மகள்தான் அதைப் படம் எடுத்து, எத்தனை செக்கன் ஆகிறது என்று குறித்து, பெருவிரல் எந்தளவுக்கு மடங்குகிறது என்று அளந்தாள். மூடியை நெம்பவே கூடாது, உள்ளங்கையால் அழுத்தினால் திறக்கவேண்டும் என்ற முடிவு அங்கேதான் வந்தது.

மட்டையில் நாலு மாதிரி செய்தாள். பிறகு பிளைவூட்டில் லேசர் கட்டரால் வெட்டியபோது விரல் கோர்த்த மாதிரி வரும் மூட்டுகள் எல்லாம் லொடலொட என்று ஆடின. காரணம் இரண்டு. 3 மில்லிமீட்டர் என்று விற்ற பலகை வேர்னியர் என்கிற அளவுக் கருவியில் 2.8 காட்டியது, அதோடு லேசர் எரித்துக்கொண்டு போகிற கோட்டுக்கும் ஒரு அகலம் இருக்கிறது, அந்தளவுக்கு மூட்டின் பல் ஒடுங்கிவிடும். கழிவுத் துண்டில் 0.1, 0.15, 0.2 மில்லிமீட்டர் என்று பல்லை அகட்டி அகட்டி வெட்டி, எது கையால் தள்ளினால் இறுகுகிறது என்று பார்த்து, பிறகுதான் பெரிய பலகையில் கை வைத்தாள்.

நான் பதினைந்து வருடமாகக் கிச்சன் பொருத்துகிற வேலை செய்கிறவன். ஒரு மூலையில் பிசின் வழிந்து காய்ந்திருந்ததைப் படத்தில் பார்த்தபோது எனக்குக் கை துருதுருத்தது. அப்பா, நீங்கள் தொடக்கூடாது என்றாள். சரிதான், இது பிள்ளையின் சொந்த வேலை என்று பிள்ளையும் டீச்சரும் கையெழுத்து வைக்கவேண்டும், இறுதிச் செய்முறை முழுக்க டீச்சரின் கண்ணுக்கு முன்னால்தான்.

எனக்குப் பிந்தித்தான் விளங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவள் எழுதிய ஏ.கியூ.ஏ. சபையில் என்.ஈ.ஏ.க்கு 100 புள்ளி, அதில் பொருளைச் செய்து முடிப்பதற்கு 20தான். மிச்சம் 80உம் தேடியது, யோசித்தது, மாற்றியது, சோதித்தது எல்லாவற்றுக்கும். அந்த ஆடின மூட்டைக்கூடக் குப்பையில் போடாமல் படம் எடுத்து, ஏன் ஆடியது, அடுத்து என்ன மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதி ஒட்டியிருந்தாள். அதற்கும் புள்ளி. ஆகவே பிழையாய்ப்போன துண்டுகளை வீட்டில் யாரும் எறிந்துவிடாதீர்கள், அன்றன்றைக்கே படம் எடுக்கச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் இருந்து யோசித்தால் எது எந்தக் கிழமை நடந்தது என்றே ஞாபகம் வராது.

முடித்த பெட்டி இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பெறுபேறு வந்து, மீளாய்வு கேட்கிற காலம் முடியும்வரை பள்ளிக்கூடம் வைத்திருக்கும். அம்மம்மா இப்போது பாவிப்பது அதற்கு முந்தின மாதிரி, ஓரம் கொஞ்சம் கருகியது. காலையில் உள்ளங்கையால் ஒரு அழுத்து, மூடி எழும்பும். கரண்டி திரும்பவும் சமையலறை லாச்சிக்குப் போய்விட்டது.