நோய் எதிர்ப்பாற்றலும் நாள் கணக்கும்

ஜூன் 2

முள் குத்திய இடம் சில மணி நேரத்தில் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறது. கிருமிதான் இப்படிச் செய்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது உடம்பின் வேலை. தோலுக்கடியில் குடியிருக்கும் காவல் செல்களான மேக்ரோபேஜ்களும் மாஸ்ட் செல்களும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கக்க, ரத்தக் குழாய்கள் விரிந்து கசியத் தொடங்குகின்றன. அந்த வழியாக நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளை அணுக்கள் வெளியேறி, கண்ணில் பட்ட கிருமியை விழுங்குகின்றன. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. செத்த நியூட்ரோபில்கள், கிருமிகள், கரைந்த திசு எல்லாம் சேர்ந்ததுதான் சீழ். அதைப் பிதுக்கவே கூடாது. சுற்றிலும் எழும்பிய தடுப்பு உடைந்து, தொற்று உள்ளே பரவும். பெரிதாகத் திரண்ட சீழ்க்கட்டிக்குள் ஆன்டிபயாட்டிக் சரியாகப் போய்ச் சேராது. மருத்துவர் கீறி வடித்தால்தான் ஆறும்.

ஜூன் 3

காய்ச்சல் பற்றி ஒரு குறிப்பு. இன்டர்லூக்கின்-1 போன்ற சமிக்ஞைகளால் மூளையின் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, உடல் வெப்பத்தின் இலக்கு மேலேறுகிறது. அந்த இலக்கை எட்டும்வரை குளிரும், நடுங்கும். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்குமே தவிர, கிருமியைத் தொடாது.

ஜூன் 5

'நெறி கட்டியிருக்கிறது' என்றால் நிணநீர்க் கணு வேலை செய்கிறது என்று பொருள். காயத்திலிருந்து டென்ட்ரைட்டிக் செல்கள் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அங்கே வருகின்றன. ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணும் டி செல் (ஒருவகை வெள்ளை அணு), லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அது கணுவுக்குக் கணு சுற்றிவரும்போது இந்தத் துண்டைச் சந்திக்க வேண்டும், பிறகு பலமுறை பிரிந்து பெருக வேண்டும். முதல் தொற்றில் ஒரு வாரம் தாமதமாவது இதனால்தான்.

தொட்டால் வலித்து, விரலுக்கடியில் நகரும் கணு பெரும்பாலும் தானே வற்றிவிடும். கல்போல் இறுகி நகராமல் இருந்தாலோ, காறை எலும்புக்கு மேலே தோன்றினாலோ, நான்கு வாரம் தாண்டியும் வற்றாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

ஜூன் 8

கிருமியைக் குறிவைத்து உடம்பு தயாரிக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளில் முதலில் வருவது ஐஜிஎம் என்ற வகை, பிறகு ஐஜிஜி. பரிசோதனைக்கு எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்காமல் முடிவை நம்பக் கூடாது. டெங்குக் காய்ச்சலின் இரண்டாம் நாளில் ஐஜிஎம் 'நெகட்டிவ்' என்று வந்தால், டெங்கு இல்லை என்று ஆகாது. அந்த நாளில் பார்க்க வேண்டியது வைரஸின் என்எஸ்1 புரதம். ஐஜிஎம் பொதுவாக ஐந்தாம் நாளையொட்டித்தான் தெரியத் தொடங்கும்.

ஜூன் 10

இந்த ஒரு வாரத் தாமதம் உயிரையே பறிக்கும் இடம் வெறிநாய்க்கடி. வைரஸ் நரம்புக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடியால் ஏறக்குறைய எதுவும் செய்ய முடியாது. தடுப்பூசி போட்ட பிறகு உடம்பு தானே ஆன்டிபாடி தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியை அடைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது. வைரஸின் கொழுப்பு உறையை சோப்பு கரைத்துவிடும். காயத்தில் மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம்.

இரண்டாவது, ரத்தம் கசியும் கடிக்கு இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலை ஆன்டிபாடி. மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிலிருந்து எடுத்தது என்றால் 40 யூனிட். இதுவே உச்ச அளவு. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஊசியால் இறக்க வேண்டும். கையில் ஊசி போட்டு, கடிபட்ட காலை அப்படியே விடுவது பெரிய பிழை. பல காயங்கள் இருந்து மருந்து போதாவிட்டால், அளவைக் கூட்டாமல் சலைனில் (உப்புக் கரைசலில்) கலந்து எல்லாக் காயங்களுக்கும் பங்கிட வேண்டும். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாள் கடந்துவிட்டால் இது தேவையில்லை; அதற்குள் உடம்பின் சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கியிருக்கும்.

முன்பே முழுத் தடுப்பூசி போட்டவருக்கு இம்யூனோகுளோபுலின் வேண்டாம். முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் இருப்பதால், கடித்த அன்றும் மூன்றாம் நாளும் ஒவ்வொரு ஊசி போதும்.

ஜூன் 13

நினைவு எத்தனை ஆண்டு நிற்கும்? 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 1781இல் அங்கே அது பரவியபோது நோய் கண்டு பிழைத்த முதியவர்களுக்கு மறுபடி வரவில்லை என்று டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் பதிவு செய்தார். 65 ஆண்டு! அதே தட்டம்மை வைரஸ், பிற நோய்களுக்காகச் சேர்ந்திருந்த நினைவுச் செல்களையும் அழிக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் 2019இல் வெளியான ஆய்வில், முன்பிருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. 'அம்மை ஒருமுறை வந்து போகட்டும், உடம்புக்கு நல்லது' என்று சொல்பவர்களிடம் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

டெட்டனஸ் நேர்மாறானது. நோயை உண்டாக்கும் நச்சின் அளவு மிகச் சிறியது என்பதால் நினைவே பதியாது. நோயிலிருந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

ஜூன் 16

மண்ணீரலை எடுக்கப் போகிறவர்களுக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி) ஆகிய பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகளை அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். உறை போர்த்திய இந்தக் கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல்தான். விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால், பொதுவாக அறுவைக்குப் பின் 14ஆம் நாளில் போடுவார்கள். அதன் பிறகும், எத்தனை ஆண்டு கழித்துக் காய்ச்சல் வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், மண்ணீரல் இல்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.